ஸ்வீட்... கேரம்... காபி!

சென்னையில் ஒரு சின்ன வியாபாரம் ஆரம்பிக்க வேண்டுமென்றால், தேவையான சாமான்கள் அத்தனையும் சென்ட்ரல் ஸ்டேஷனைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடும். புத்தி மட்டும்தான் கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை நானும் பார்ட்னரும் அலைந்தோம்.

'பார்ட்னர்' என்பது காரணப் பெயர் அல்ல, செல்லப் பெயர். நான் இதுவரை ஒரு பைசா முதல் போட்டதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ஒரே அறையில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன். அவன் வேலை பார்த்த கம்பெனி திடீரென்று ஒருநாள் ஆட்குறைப்பு என்று சொல்லி, பதினோரு லட்ச ரூபாயைக் கையில் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டது. வீட்டில் மனைவி, ஒன்பதாவது படிக்கும் பெண், வீட்டு வாடகை. இந்தப் பதினோரு லட்சம்தான் மொத்த ஆஸ்தி.

அவனுக்கு உதித்த யோசனை இது. ஒரு ஹால். டீ, காபி, இட்லி, வடை. நடுவில் நாலு கேரம் போர்டு. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் போர்டு, காயின், ஸ்ட்ரைக்கர் விற்பனை. ஆபீஸ் விட்டு வருகிற பசங்கள் சாப்பிட்டுக்கொண்டே ஆடுவார்கள், ஆடிக்கொண்டே வாங்குவார்கள். கடைக்குப் பெயர் 'ஸ்வீட் கேரம் காபி'.

"பேரு எப்படிடா?" என்றான்.

"பேருக்கு ஒரு லட்சம் தரலாம். மிச்சம் பத்து லட்சத்துக்குத்தான் கணக்கு வேணும்" என்றேன். நான் பி.காம். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், நண்பர்களின் திட்டங்களுக்கு ஐந்தொகை போட்டு அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது.

* * *

புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். மார்க்கெட் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம் அது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளிக்கூண்டு, அலாரம் கடிகாரம் என்று ஒரே கூரைக்குள் உலகமே இருந்தது. 1985-ல் தீப்பிடித்து எரிந்து போனது. அங்கிருந்த வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளத்துக்குப் போனார்கள்.

பார்ட்னர் அந்த இடத்தில் நின்று பெருமூச்சு விட்டான். "பாத்தியா, எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு எண்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்காங்க. நான் ரெண்டே ரெண்டைத்தானே ஒண்ணா வைக்கிறேன்?"

"அங்க ஒருத்தன் எல்லாத்தையும் விக்கலடா. ஒவ்வொரு கடைக்காரனும் ஒண்ணு ஒண்ணுதான் வித்தான். கூரைதான் பொது" என்றேன். அப்போது இது வெறும் வாதத்துக்காகச் சொன்னது. சாயங்காலத்துக்குள் இதுவே எங்கள் திட்டமாகப் போகிறது என்று எனக்கே தெரியாது.

ரிப்பன் மாளிகையைத் தாண்டி, நேரு ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பெரியமேடு. தோலுக்குப் பெயர்போன பேட்டை. அதோடு விளையாட்டுச் சாமான்களுக்கும். கிரிக்கெட் மட்டைகள் கரும்புக்கட்டு மாதிரி வாசலில் சாத்தியிருக்கும். கோப்பைகள் வரிசையாக மின்னும். நம்மைப் போல் வாழ்க்கையில் எதையும் ஜெயிக்காத ஆசாமிகள்கூட காசு கொடுத்தால் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, பெயரையும் பொறித்துக்கொண்டு போகலாம்.

ஒரு கடையில் கேரம் போர்டு கேட்டோம். பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். ஆடும் பரப்பு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு ரெட். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் மனப்பாடம். ஆச்சரியமில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் பிறந்ததே இந்த ஊரில்தான்.

"ஒரு போர்டுல எவ்வளவு நிக்கும் சார்?" என்று பார்ட்னர் மெதுவாக ஆழம் பார்த்தான்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "கடை போடப் போறீங்களா தம்பி? ஒண்ணு சொல்றேன். போர்டு வாங்கினவன் பத்து வருஷம் கழிச்சு வருவான். காயின் வாங்கினவன் அடுத்த வருஷம் வருவான். பவுடர் வாங்கினவன் அடுத்த வாரமே வருவான். போர்டை நம்பாதீங்க, பவுடரை நம்புங்க."

வெளியே வந்ததும் நான் இன்னொரு விவகாரத்தைச் சொன்னேன். "நீ ஒருத்தனுக்குப் போர்டு வித்தா என்ன ஆகும்? அவன் வீட்லயே உக்காந்து ஆடுவான். டீக்கு வர மாட்டான். உன் அலமாரி உன் அடுப்பை அணைக்குது பார்ட்னர்."

அவன் பதில் சொல்லவில்லை. ஒரு டப்பா பவுடர் வாங்கியிருந்தான். அதையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

* * *

ஆட்டோ பிடித்து, சென்ட்ரலுக்குக் கிழக்கே பார்க் டவுன் பக்கம் போனோம். ஜார்ஜ் டவுனில் ஒரு தர்மம் உண்டு. ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம், சாம்பிராணி, வாசனைச் சமாசாரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு போனால்கூட மூக்கு தெருப்பெயரைச் சொல்லிவிடும்.

பவுடரை நம்பச் சொன்னாரே, அதை மொத்தமாக விலை விசாரிக்கத்தான் நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு வந்தோம். போரிக் பவுடர் என்று கேட்டதும் கடைப் பையன் திருப்பிக் கேட்டான்: "கேரமுக்கா, கரப்பான்பூச்சிக்கா?"

பார்ட்னர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

ஆமாம். ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக நாம் தூவுகிற போரிக் பவுடரைத்தான், கோதுமை மாவோடும் சர்க்கரையோடும் உருட்டி, வீட்டில் கரப்பான்பூச்சிக்கு வைக்கிறார்கள். அது சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பறந்தால் என்ன ஆகும்? வடை தின்ற கையோடு காயினைத் தொட்டால் அது எங்கே ஓடும்? ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எண்ணெய் பட்ட போர்டு ஒரு வாரத்தில் தோசைக்கல் ஆகிவிடும். வடைக்குக் கேரம் ஆகாது, கேரமுக்கு வடை ஆகாது. ஒரே மேஜையில் இரண்டும் என்பது மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்கச் சொல்கிற மாதிரி.

"தனித்தனி மேஜை போட்டுடலாம்" என்றான் பார்ட்னர், கொஞ்சம் சுருதி இறங்கி.

"அப்ப ஹால் ரெண்டு மடங்கு பெருசா வேணும். வாடகையும் ரெண்டு மடங்கு. அட்வான்ஸ் பத்து மாசம்."

* * *

மதியம் ஒரு டிபன் ஹாலில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் இரண்டாவது இட்லியைப் பிட்டபோது, என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுகொண்டார். சென்னைவாசிகளுக்கு அந்த மூச்சுக்காற்று பழக்கம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நம் இலையையே பார்ப்பார். நமக்கு விக்கல் வரும்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பேனாவை எடுத்தேன். வீட்டில் இருந்து கொண்டுவந்த நோட்டில் இப்படி எழுதினேன்:

நாற்காலி 16. மாலை 4 முதல் இரவு 10 வரை ஆறு மணி நேரம். டிபன் சாப்பிடுகிறவர் 20 நிமிஷத்தில் எழுந்துவிடுவார். ஒரு நாற்காலியில் அதிகபட்சம் 18 பேர். பாதிதான் நிரம்பும் என்று வைத்தால் 9 பேர். ஆளுக்கு 60 ரூபாய். 16 × 9 × 60 = 8,640.

கேரம் ஆடுகிறவர் ஒரு மணி நேரம் உட்காருவார். 25 பாயின்ட் அல்லது 8 போர்டு முடிந்தால்தான் ஒரு கேம். ஒரு நாற்காலியில் அதிகபட்சம் 6 பேர், பாதி என்றால் 3 பேர். ஆளுக்கு ஒரு டீ, ஒரு சமோசா, 30 ரூபாய். 16 × 3 × 30 = 1,440.

சரக்குச் செலவு நூற்றுக்கு நாற்பது என்று கழித்தால், டிபனில் நிற்பது 5,184. கேரமில் நிற்பது 864. வித்தியாசம் 4,320 ரூபாய். இதைக் கேரம் ஆட வந்த 48 பேருக்குப் பங்கு போட்டால், தலைக்கு 90.

"அதாவது, ஒருத்தன் உன் கடையில ஒரு மணி நேரம் சும்மா உக்கார்றதுக்கு விலை தொண்ணூறு ரூபா. அதை அவன் தரணும், இல்ல உன் பதினோரு லட்சம் தரணும்" என்றேன்.

ஓட்டல் என்பது ஆளை எழுப்புகிற தொழில். பொழுதுபோக்கு என்பது ஆளை உட்கார வைக்கிற தொழில். இந்த இரண்டையும் ஒரே நாற்காலியில் செய்ய முடியாது. நம்மூர் டீக்கடைகளிலும் சலூன்களிலும் 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று எழுதிப் போட்டிருப்பது அரசியலுக்குப் பயந்து மட்டுமல்ல, பெஞ்சுக்கும் பயந்துதான்.

கனடாவில் டொராண்டோ நகரில் 2010-ல் ஸ்நேக்ஸ் அண்டு லாட்டேஸ் என்று ஒரு கடை திறந்தார்கள். சுவர் முழுக்கப் பலகை விளையாட்டுகள். காபி குடிக்கலாம், ஆடலாம், பிடித்தால் வாங்கலாம். பார்ட்னரின் திட்டமேதான். ஆனால் அங்கே உள்ளே போய் ஆட உட்காரத் தலைக்கு ஐந்து டாலர் என்று ஆரம்பத்திலேயே விலை வைத்துவிட்டார்கள். காபிக்குக் காசு தனி. அவர்கள் விற்றது நாற்காலியை.

"இங்க உக்கார எவன்டா காசு தருவான்?" என்றான் பார்ட்னர்.

பின்னால் நின்றவர் இருமினார். எழுந்துவிட்டோம்.

* * *

யார் தருவார் என்று பார்க்க, கேரம் வாழ்கிற இடத்துக்கே போனோம். மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்து வியாசர்பாடி ஜீவா. வடசென்னைக்குக் கேரம், தென்சென்னைக்குச் சங்கீதம் மாதிரி. 1991-லும் 1995-லும் உலக சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்ஸ் போய் உலகப் பட்டம் வென்ற இளவழகி இதே வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் கொண்டு வந்த காசிமா, வடசென்னையின் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஒரு சந்துக்குள் பயிற்சி அறை. தகரக் கூரை. மூன்று போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேலே கயிற்றில் தொங்கும் பல்பு. ஏழெட்டுப் பையன்கள், நாலு பெண்கள். பேச்சு மூச்சில்லை. காயின் விழுகிற 'டொக்' மட்டும்தான். பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி, நாற்காலி உயரம் போதாமல் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து, மூலையில் இருந்த ரெட்டை எதிர்ப்புறச் சுவரில் மோதித் திருப்பி எடுத்தாள். பார்ட்னருக்குக் கை தானாகத் தட்டப் போனது. சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் 'உஷ்' என்றார்.

"இங்க டீ, கீ...?" என்று கேட்டான் பார்ட்னர்.

"ரூம்புக்குள்ள ஒண்ணும் எடுத்துனு வரக் கூடாது சார். வாசல்ல கடை இருக்கு. கேம் முடிஞ்சா போய்க் குடிச்சிட்டு, கை கழுவிட்டு வரலாம்."

"பசங்க கிட்ட ஃபீஸ் எவ்வளவு வாங்கறீங்க?"

மாஸ்டர் சிரித்தார். "இவங்க கிட்டயா? பவுடருக்கே நான்தான் சார் போடறேன். ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை வாங்கிட்டா போதும். அதான் ஃபீஸு."

வாசல் டீக்கடையில் நின்றோம். கேம் முடிந்த பையன்கள் நாலு நாலு பேராக வந்து டீ குடித்துவிட்டு, தோற்றதற்கான காரணங்களைச் சத்தமாக அலசிவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் உள்ளே போனார்கள். டீக்கடைக்காரர் கைக்கு ஓய்வில்லை. அவருக்குக் கேரம் தெரியாதாம். ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லையாம். "உள்ள அவங்க ஆட்றாங்க, வெளிய நான் ஆத்துறேன்" என்றார்.

பார்ட்னர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தான். அறைக்கும் கடைக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர். ஒரு பக்கம் ஆட்டம், மறுபக்கம் டீ. இரண்டும் ஒன்றையொன்று வாழ வைக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று சிந்துவதில்லை.

"டேய், நான் ரெண்டையும் ஒண்ணா சேர்க்க வேண்டாம். பக்கத்துல பக்கத்துல வெச்சா போதும்" என்றான்.

"காலையில மூர் மார்க்கெட்ல நான் சொன்னதுதான். கூரை பொது, கடை வேற" என்றேன். சமயம் கிடைக்கும்போது இதையெல்லாம் சொல்லிக்காட்டிவிட வேண்டும்.

"ஆனா இந்தப் பசங்க கிட்ட நான் காசு கேக்க மாட்டேன்" என்றான். அந்தச் சிறுமியின் வயதுதான் இருக்கும் அவன் பெண்ணுக்கும்.

* * *

அப்படியானால் காசு கொடுத்து உட்காருகிறவர் யார்? உட்கார இடம் இல்லாதவர். எங்களுக்குத் தெரிந்து அப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வாழ்கிற ஊர் ஒன்றுதான். பஸ் ஏறித் திருவல்லிக்கேணிக்கு வந்தோம்.

பத்துக்குப் பத்து மேன்ஷன் அறையில் மூன்று கட்டில் போட்டால், உட்காருவது என்றாலே படுப்பது என்று அர்த்தம். நாங்கள் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச்சில் போய் மணலை எண்ணுவோம். அதற்குத்தான் செலவில்லை. இன்றைக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள், முதல் சம்பளக்காரர்கள் என்று அதே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கையில் இருபது ரூபாய் செல்போன் ஆட்டங்களுக்குப் போகிறது. எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்து ஆடினால் நாற்பதாகக் கொடுப்பார்கள் என்பது பார்ட்னரின் நம்பிக்கை. எனக்கும் பாதி நம்பிக்கை வந்தது.

நாங்கள் அந்தக் காலத்தில் கணக்கு வைத்துச் சாப்பிட்ட மெஸ் இன்னும் இருக்கிறது. அண்ணாச்சிக்குத் தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. பழைய பாக்கியைக் கேட்டுவிடுவாரோ என்று நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கீழே சாப்பாட்டு ஹால். மாடியில் இன்னொரு ஹால், மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு மட்டும் திறப்பாராம். மூன்று மணிக்கு மேல் அங்கே வெங்காய மூட்டைதான் குடியிருக்கிறது.

"அந்த ஹாலைச் சாயந்திரம் மட்டும் குடுங்க அண்ணாச்சி" என்றான் பார்ட்னர். "மூணு போர்டு போடறேன். மாடிக்குச் சாப்பாடு வராது. டீ, வடை எல்லாம் கீழ உங்க கல்லாவுல. மாடிக் காசு எனக்கு."

அண்ணாச்சி யோசித்தார். "காசு வெச்சு ஆடுவானுவளோ?"

"ஒரு ரூபா வெச்சாலும் போர்டைத் தூக்கிருவேன்." சொன்னது நியாயம். பந்தயம் நடக்கிற இடம் சூதாட்ட விடுதி என்று பெயர் வாங்கிவிடலாம். அதற்கு 1888-ம் வருஷத்துச் சென்னை நகரக் காவல் சட்டம் இன்னும் விழித்துக்கொண்டிருக்கிறது.

"மாசம் ஒம்பதாயிரம். மூணு மாசம் பாப்போம்வே. வெங்காயத்தை நீரே ஓரமா ஒதுக்கிக்கிடும்."

கேஸ் கனெக்ஷன் வேண்டாம். மாஸ்டர் வேண்டாம். உணவு லைசென்ஸ் அண்ணாச்சிக்கு ஏற்கெனவே இருக்கிறது. போர்டு, விளக்கு, நாற்காலி, அலமாரிச் சரக்கு எல்லாம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். மிச்சம் ஒன்பதரை லட்சம் பாங்கில் தூங்கும். அது தூங்கினால்தான் வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்கள்.

வாசலில் நின்று கடைசிக் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 40 ரூபாய். மதியம் போட்ட தொண்ணூறு இங்கே தேவையில்லை. டிபனுக்கு உதவாத நேரத்தைத்தானே வாங்குகிறோம். ஹால் வாடகை 9,000. வீட்டுச் செலவுக்கு அவன் கேட்டது 25,000. மொத்தம் 34,000. நாற்பதால் வகுத்தால் மாதத்துக்கு 850 தலை. அலமாரியில் பவுடர் விற்றுக் கிடைப்பது போனஸ், கணக்கில் சேர்க்கவில்லை.

பார்ட்னர் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சம்சாரத்திடம் காட்ட வேண்டுமாம். அதில் கடைசி இரண்டு வரி மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான், எழுதிக் கொடுத்திருக்கிறேன்:

தினம் 8 பேர் வந்தால் வாடகை.

தினம் 29 பேர் வந்தால் வாழ்க்கை.